கரண்ட் முடிந்த பிறகு

காலையில் எழுந்து குளித்து, வெளிர்நீலப் பருத்திப் புடவை கட்டி, மயிர் கொட்டிப்போன தலையில் துண்டைச் சுற்றி முடிந்துகொண்டேன். தண்ணீர் பாட்டிலையும் டிபன் டப்பாவையும் பையில் போட்டேன். வராந்தாவில் நாற்காலியை இழுத்துப் போட்டு, மடியில் பையோடு உட்கார்ந்துவிட்டேன்.

பால்காரர் வந்து போய்விட்டார். ராத்திரி பெய்த ஐப்பசி மழையில் தெரு நனைந்து கிடந்தது. முட்டை ஏற்றிய வண்டி ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறியபோது அட்டைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கேட்டது.

என் கணவர் பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் பிரஷை வாயிலிருந்து எடுத்தார்.

“ஏன் விமலா, எங்க கெளம்பிட்ட?”

“சேலத்துக்குத்தானுங்க. வேன் வர்ற நேரமாச்சே.”

அவர் வாசலோரம் போய் நுரையைத் துப்பினார். பிறகு, தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

“நேத்தோட முடிஞ்சு போச்சே.”

ஆமாம். முந்தின நாள்தான் கடைசிக் கரண்ட். ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, வீட்டுக்கு வந்து, தங்கை வாங்கி வந்த மைசூர்பாகில் பாதி தின்று, நிம்மதியாகப் படுத்தவள்தான் நான். விடிந்ததும் கால் தன்பாட்டுக்குக் குளியலறைக்குப் போயிருக்கிறது.

இருவரும் சிரித்தோம். அவர் வாய் கொப்பளிக்க உள்ளே போனார். நான் எழுந்து போய்ப் புடவையை மாற்றியிருக்க வேண்டும். மாற்ற மனம் வரவில்லை. வெயில் வராந்தாவுக்குள் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். வைத்தியம் முடிந்ததற்காக யாராவது அழுவார்களா? நான் அன்று அழுதேன்.

வேனும் அதன் சட்டமும்

ஆபரேஷனைப் பற்றியும், மருந்து ஏற்றிய மாதங்களைப் பற்றியும் இந்தத் தொடரில் போன வாரங்களில் எழுதிவிட்டேன். கரண்ட் வைத்துக்கொண்ட கதையை மட்டும் இரண்டு வரியில் தாண்டிப் போய்விட்டதாகச் சில வாசகர்கள் குறைப்பட்டார்கள். ரேடியேஷன் என்று டாக்டர்கள் சொல்வதை எங்கள் பக்கம் கரண்ட் வைப்பது என்பார்கள். படுக்க வைப்பார்கள், மேலே இயந்திரம் சுற்றும், சில நிமிடங்களில் எழுந்திருக்கச் சொல்வார்கள். வலி இருக்காது. உடம்பில் மையால் போட்ட குறி அழியக் கூடாது என்று பயந்து பயந்து குளிப்பதுதான் பெரிய வேலை. இதில் எழுத என்ன இருக்கிறது என்றுதான் விட்டுவிட்டேன்.

எழுத வேண்டியது வேனைப் பற்றி.

ஞாயிறு தவிர தினமும் சேலத்துக்குப் போய் வர வேண்டும். பஸ்ஸில் முடியாது. என் கணவர் கோழித் தீவனக் கடை வைத்திருக்கிறார், தினமும் கடையைப் பூட்ட முடியாது. அதே வழியில், அதே நேரத்துக்குப் போகிற வேறு இரண்டு பேரைக் கண்டுபிடித்துச் சொன்னவர் வேன் ஓட்டும் முத்து. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த பழைய வெள்ளை வேன் அது. பின் கண்ணாடியில் யாரோ ஒரு பிள்ளை ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்கள் அப்படியே இருந்தன.

மோகனூரில் பாவாயக்கா ஏறுவார். ஆற்றங்கரையில் கரும்பும் வாழையும் வைத்திருக்கும் குடும்பம். கர்ப்பப்பை வாயில் புற்று. நாமக்கல்லில் நான். சேலம் ரோட்டில் ஆண்டகளூர் கேட் நிறுத்தத்தில் செங்கோடண்ணன். மல்லசமுத்திரத்துக்காரர், நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். அவருக்குத் தொண்டையில். மனைவி செல்வி ஊரிலிருந்து மொபெட்டில் கொண்டுவந்து கேட்டில் இறக்கிவிட்டு, வேன் கிளம்பும்வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்புவாள். வீட்டில் மாடு இருந்தது, மகன் பட்டறையில், பால் கறக்க வேறு ஆளில்லை.

முதல் இரண்டு நாள் யாரும் பேசவில்லை. நான் பள்ளிக்கூட டீச்சர் என்று முத்து சொல்லியிருப்பார் போல, மூன்றாவது நாள் பாவாயக்கா என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க டீச்சர், உங்குளுக்கு எங்க?”

நான் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

“எனக்குக் கீழ. அண்ணனுக்கு மேல. நீங்க நடுவால. ஒரு முழு ஆளுக்கு நோவு சேந்துபோச்சு பாருங்க, இந்த வேன்ல.”

செங்கோடண்ணன் சிரிக்கப் போய் இருமினார். முத்து வண்டியை ஓரமாக நிறுத்தித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து வேனுக்கு உயிர் வந்தது.

ஒரு சட்டம் வைத்தவரும் பாவாயக்காதான். போகும்போது நோவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். வரும்போது ஒரு வார்த்தை பேசக் கூடாது. வரும்போது பேசியதெல்லாம் வேறு உலகம். செங்கோடண்ணன் பட்டறையில் சம்மட்டிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே தன் குரல் பெரிதானதைச் சொல்வார். அந்தக் குரல் அப்போது கரகரத்துக் காற்றாகத்தான் வரும், காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். பாவாயக்கா சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றின நாளில் நடந்த சண்டைகளைச் சொல்வார். நான் பள்ளி மைதானக் கதைகள் சொல்வேன்.

மதிய வெயிலில், ஜன்னலைத் திறந்துவிட்டு, கோழிப் பண்ணை வாடையும் டீசல் புகையும் கலந்து அடிக்க, மூன்று பேரும் கால் நீட்டிக்கொண்டு வந்த அந்தப் பயணங்களை இப்போது நினைத்தால், என் வாழ்க்கையின் நல்ல நாட்களில் அவற்றையும் சேர்க்கத் தோன்றுகிறது. சொன்னால் நம்ப மாட்டீர்கள். நானே சில சமயம் நம்புவதில்லை.

மைதானத்துக்காரி

நான் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள் என்பது தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். விசில் ஊதினால் முந்நூறு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். என் உடம்பும் அப்படித்தான் நிற்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓடு என்றால் ஓடும், தாண்டு என்றால் தாண்டும். கோ-கோ ஆட்டத்தில் கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது மண்ணைத் தொட்டு எழுகிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, அப்போது உடம்புக்கும் மனசுக்கும் நடுவில் எந்த இடைவெளியும் இருக்காது. பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அந்த உடம்பு எனக்குத் தெரியாமல் உள்ளே ஒன்றை வளர்த்துவைத்திருந்தது. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கரண்ட் முடிந்தபின் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. சுவரில் விரல்களைப் பல்லி போல ஊர்ந்து ஏற்றச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சமையலறைச் சுவரில் முந்தின நாள் எட்டிய இடத்தில் கரித்துண்டால் கோடு போடுவேன். சில நாள் கோட்டைத் தாண்டும். சில நாள் அதற்கும் கீழேயே நின்றுவிடும்.

வீட்டில் எல்லோரும் “முடிஞ்சுதே, இனியென்ன” என்றார்கள். உறவுக்காரர்கள் பழக்கூடையோடு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் மார்பைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த தெருவில் ஒரு அம்மாள் நான் குடித்த டம்ளரைத் தனியாக எடுத்துவைத்ததைப் பார்த்தேன். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். என் பயத்தைத்தான் தாங்க முடியவில்லை.

வைத்தியம் நடந்தபோது பயம் அவ்வளவு இல்லை. தினமும் செய்ய ஒரு வேலை இருந்தது. தினமும் யாரோ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள். முதுகு வலித்தால் எலும்புக்கு வந்துவிட்டதோ என்று தோன்றும். இருமல் வந்தால் நுரையீரலோ என்று தோன்றும். கணவரிடம் சொல்ல மாட்டேன். அவர் அந்த வருஷத்தில் பாதியாக இளைத்திருந்தார். அவர் சட்டையின் தோள் முழங்கையை நோக்கி வழிந்துகொண்டிருந்தது.

என் சின்ன வயதில் சொந்தத்தில் ஒருவருக்கு இந்த நோய் வந்தது. பெயரைச் சொல்ல மாட்டார்கள். “அந்த நோவு” என்பார்கள், குரலைத் தாழ்த்தி. அப்போதெல்லாம் இதில் போனவர்களைத்தான் பார்த்தோம். திரும்பி வந்தவர்களைப் பார்த்ததில்லை. அதனால் திரும்பி வந்தவள் எப்படிச் சாப்பிட வேண்டும், எப்படிச் சிரிக்க வேண்டும், கல்யாண வீட்டில் எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை, மற்றவர்களுக்கும் தெரியவில்லை.

அந்த நாட்களில் நான் ஏங்கியது வேனுக்குத்தான்.

செல்வியின் போன்

பொங்கல் கழிந்து, மாசி பிறந்த சமயம். சுவரில் கரிக்கோடு என் நெற்றி உயரத்துக்கு வந்திருந்தது. தலையில் முடி சுருள் சுருளாக முளைத்திருந்தது. பிறந்ததிலிருந்து எனக்குச் சுருட்டை முடி கிடையாது. யாரோ ஒருத்தியின் தலையைத் தடவுவது போலிருக்கும்.

ஒரு நாள் மதியம் செல்வி போன் செய்தாள். முதலில் அழுகைதான் கேட்டது.

“டீச்சர், அவரு சோறு தண்ணி எதுமே எடுக்கறதில்லீங்க.”

“என்ன சொல்றாரு?”

“வாயில வெச்சா சாம்பலைக் கரைச்சு ஊத்துனாப்ல இருக்குதுங்கறாரு. எச்சிலே ஊற மாட்டேங்குது. நானும் அரைச்சுக் குடுத்து, கரைச்சுக் குடுத்து, எல்லாம் பாத்துட்டனுங்க. அடுத்த வாரம் எடை போட்டுப் பாப்பாங்களாம். இன்னும் எறங்கியிருந்தா மூக்கு வழியா ட்யூப் போடறதுன்னு டாக்டர் சொல்லீட்டாரு.”

“போட்டுக்கலாமே செல்வி. கொஞ்ச நாளைக்குத்தானே?”

“அதுக்கும் ஒத்துக்க மாட்டேங்கறாருங்க. நோவுல பொழைச்சு வந்ததே இப்புடிப் பட்டினியில போறதுக்குத்தான் போலன்னு சொல்றாரு. செவுத்தப் பாத்துப் படுத்துக்கறாரு. நீங்க சொன்னாக் கேப்பாருங்க டீச்சர்.”

அவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். மூச்சுச் சத்தம் கேட்டது. நான் ஏதேதோ பேசினேன். சாப்பிட வேண்டும், தைரியமாக இருக்க வேண்டும் என்று, எனக்கு மற்றவர்கள் சொல்லி நான் எரிச்சல்பட்ட அதே வார்த்தைகள். அவர் போனை வைத்துவிட்டார்.

சமையலறையில் போய் நின்றேன். எனக்கே பயத்தில் பாதி ராத்திரி தூக்கமில்லை. நான் போய் அவருக்கு என்ன சொல்வது?

பாவாயக்காவைக் கூப்பிட்டேன். கதையைக் கேட்டுவிட்டு அவர் யோசிக்கவே இல்லை.

“அவரக் கூட்டிக்கிட்டு இங்க வாங்க டீச்சர்.”

“வந்து?”

“வந்து என்ன, ஆத்துல காலை நனைச்சுட்டுச் சித்தெ உக்காந்திருப்போம். ஊட்லயே கெடந்தா ஆருக்குத்தான் வாய் ருசிக்கும்?”

முத்துவுக்குப் போன் செய்தேன். அவர் பதறிவிட்டார்.

“என்னாச்சுங்க டீச்சர்? மறுபடியும் ஆஸ்பத்திரிக்குங்களா?”

“இல்லைங்க முத்து. மோகனூருக்கு. ஆத்துக்கு.”

“நாளைக்குப் பள்ளிக்கொடம் லீவுதானுங்க. வாரேன். வண்டியக் கழுவி எடுத்துட்டு வாரேன்.”

சும்மா உட்கார்ந்தால் போதும்

மல்லசமுத்திரத்தில் அவர் வீட்டு வாசலில் வேன் நின்றபோது செங்கோடண்ணன் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவில்லை. உள்ளே போனேன். திடுக்கிட்டேன். பட்டறைக்காரரின் அந்தத் தோள்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. கழுத்தில் கரண்ட் பட்ட இடம் கறுத்து, தோல் காய்ந்து கிடந்தது. கட்டிலுக்குக் கீழே குடிக்காத கஞ்சி டம்ளர் ஒன்று ஆடை கட்டி இருந்தது.

“அண்ணா, மோகனூர் போறோம். கெளம்புங்க.”

அவர் தலையை ஆட்டினார். தண்ணீரில் வாயை நனைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார். “சாப்பிடச் சொல்லிக் கூட்டிட்டுப் போறீங்க. என்னால ஆகாதுங்க டீச்சர்.”

“சாப்பிட வேண்டாம். யாரும் ஒரு வாய் ஊட்ட மாட்டோம், சத்தியமா. வேன்ல உங்க எடத்துல சும்மா உக்காந்தாப் போதும்.”

அவர் வெளியே பார்த்தார். ஜன்னல் வழியே வேனின் பக்கவாட்டுக் கதவு தெரிந்தது. முத்து அதைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார், கேட்டில் நிற்பாரே, அதே மாதிரி.

சற்று நேரம் கழித்து, “சட்டையை எடு புள்ள” என்றார் செல்வியிடம்.

செல்வி அந்த வேனுக்குள் ஏறியது அன்றுதான் முதல் தடவை. இத்தனை நாள் வெளியிலிருந்தே பார்த்தவள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள். செங்கோடண்ணன் ஜன்னலோர இடத்தைக் காட்டி, “அது பாவாயக்கா எடம். உக்காரு, இப்ப அக்கா இல்லையே” என்றார். வேனில் ஏறியபின் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

வழியெல்லாம் செல்வி கையில் தண்ணீர் பாட்டிலோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் உதட்டை நக்கினால் பாட்டிலை நீட்டினாள். அவர் கண்ணை மூடினால் மூக்கருகில் பார்த்தாள், மூச்சு வருகிறதா என்று. அதை அவள் தெரிந்து செய்யவில்லை.

ஆற்றில் நின்று பேசியது

பாவாயக்கா வீடு கரும்புக் காட்டுக்கும் வாழைக்கும் நடுவே, ஆற்றுக்குப் பக்கத்தில். கரும்பு வெட்டிய காட்டில் உரித்துப் போட்ட சோகை இலை காய்ந்து கிடந்தது. அக்கா ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். முகம் தெளிந்திருந்தது, நடையில் மட்டும் ஒரு நிதானம் வந்திருந்தது.

செங்கோடண்ணனைப் பார்த்து அவர் கண் கலங்கவும் இல்லை, இளைத்துப் போய்விட்டீர்களே என்று சொல்லவும் இல்லை. “வாங்கண்ணா, ஒறம்பரைன்னு விருந்தாளுக வந்த ஊட்ல வேலை இருக்குது. அந்த வாழைக் கன்னுக்குப் பக்கத்துல கயித்துக் கட்டல் போட்டிருக்கேன். படுத்துட்டு ஆத்தப் பாருங்க” என்றார்.

ஆண்களும் செல்வியும் நிழலில் உட்கார, நாங்கள் இருவரும் ஆற்றில் இறங்கினோம். முழங்கால் அளவுதான் தண்ணீர். மணல் காலுக்கடியில் நழுவியது. அக்கரையில் யாரோ துணி துவைத்தார்கள், அடி விழுவது கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் சத்தம் வந்தது.

அப்போது கேட்டேன். யாரிடமும் கேட்காததை.

“அக்கா, உங்குளுக்குப் பயமா இருக்குதா? திரும்பி வந்துருமோன்னு?”

“இருக்குதுங்க டீச்சர். ஏன் இல்லாம?”

“என்ன பண்றீங்க?”

அவர் குனிந்து தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார்.

“என்ன பண்றது? ஊட்ல கூடக் கெடக்கற ஒரு ஆளாட்டம் அதும் பாட்டுக்குக் கெடக்குது. காலையில நான் எந்திரிக்கறப்ப அதும் எந்திரிக்குது. நான் கரும்புக்குத் தண்ணி உடப் போறேன். அதும் பொறகால வருது. வேலை மும்முரத்துல திரும்பிப் பாத்தா எங்கயோ போயிருக்குது. பொழுதோட வந்துருது.” பிறகு சிரித்தார். “உங்குளுக்கும் உண்டா? நா ஒருத்திதான் பயந்தாங்கொள்ளின்னு நெனச்சனுங்க.”

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் பயம் போகவில்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டேன், கேட்டவர் ஓடவில்லை.

அக்கா தண்ணீரை வாரி என் மேல் இறைத்தார். நானும் இறைத்தேன், வலது கையால். கை தலைக்கு மேல் போய் வந்ததை அப்புறம்தான் கவனித்தேன். விண்ணென்று இழுத்தது. ஆனால் போனது.

உப்பு

மதியம் சாப்பாடு. எங்களுக்கு அரிசிம்பருப்பு சோறும் தயிரும். செங்கோடண்ணனுக்கு எதுவும் பரிமாறக் கூடாது என்று நான் அக்காவிடம் முன்பே சொல்லியிருந்தேன். சத்தியம் செய்திருந்தேனே.

அக்கா சும்மா இருப்பாரா? கம்பங்கூழைக் கரைத்து மோர் விட்டு ஒரு சொம்பில் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். “உங்குளுக்கு இல்லீங்கண்ணா. ஈ மொய்க்குது, சித்தெ பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். முத்து ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கட்டில் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதென்று எல்லோரும் ஒரே மாதிரி முடிவு செய்திருந்தோம். செல்விக்குத்தான் முடியவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

திடீரென்று இருமல் சத்தம். அதைத் தொடர்ந்து, அந்தக் கரகரத்த காற்றுக் குரல், எப்போதையும்விடச் சற்று பெரிதாக:

“ஏனக்கா! உப்ப அள்ளிக் கொட்டீட்டயா?”

முத்து பாதிக் கதையில் நிறுத்தினார். செங்கோடண்ணன் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தபடி உட்கார்ந்திருந்தார்.

உள்ளேயிருந்து ஓடி வந்த பாவாயக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். “அய்யோ சாமி! மோருக்குப் போட்டேன். கூழுக்கும் போட்டேன் போலிருக்குதே. பேச்சுப் பராக்குல ரெண்டு மட்டம் போட்டுட்டனே!”

செல்வி எழுந்து போனாள். சொம்பை வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள். அவள் முகம் கோணியது.

“ஆமாங்க” என்றாள். “உப்புக் கரிக்குதுங்க. வாயில வெக்க முடியல.”

சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, சொம்பை மடியில் வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள்.

அப்போதுதான் செங்கோடண்ணனுக்கே உறைத்தது. நாக்கை வெளியே நீட்டி, விரலால் தொட்டுப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

“உப்புங்க டீச்சர்” என்றார்.

“எரியலீங்களா அண்ணா?”

“எரியுது. நல்லா எரியுது. ஆனா உப்புன்னு தெரியுதே!”

அக்கா வேறு கூழ் கரைக்கப் போனார். அவர் விடவில்லை. செல்வி கையிலிருந்த சொம்பை வாங்கினார். கொஞ்சம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். கண்ணில் நீர் வழிய, நிறுத்தி நிறுத்தி, அந்தக் கரிக்கிற கூழைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். குடித்து முடித்ததும் சொம்பைக் கவிழ்த்துக் காட்டினார்.

அதன் பிறகும் ருசி ஒரேயடியாக வந்துவிடவில்லை. உப்பு முதலில், புளிப்பு அப்புறம், இனிப்பு கடைசியில் என்று மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக வந்தது. எச்சில் இன்றைக்கும் சரியாக ஊறாது, பாட்டில் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். ட்யூப் போட வேண்டி வரவில்லை. இப்போது பட்டறையை மகன் பார்த்துக்கொள்ள, இவர் ஓரமாக உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். பாவாயக்காவும் நன்றாக இருக்கிறார். வருஷா வருஷம் பரிசோதனைக்கு மூன்று பேரும் ஒரே நாளில் போகிறோம். ஒருவர் முடிவு வரும்வரை மற்ற இருவரும் கிளம்ப மாட்டோம். நான் பள்ளிக்குத் திரும்பிப் போனதையும், இடது கையால் பந்தெறியப் பழகியதையும் தனியாக எழுத வேண்டும். பயம் இன்னும் இருக்கிறது. அது பொழுதோடு வரும், நானும் வீட்டில் இருப்பேன்.

திரும்பி வந்த வழி

அன்று சாயங்காலம் கிளம்பினோம். பாவாயக்கா ஒரு வாழைத்தாரை வேனில் ஏற்றினார், வேண்டாம் என்று சொன்னது எடுபடவில்லை. நாமக்கல் வந்ததும் நான் இறங்கியிருக்கலாம். இறங்க மனம் வரவில்லை. “மல்லசமுத்திரம் வரைக்கும் வாரனுங்க முத்து” என்றேன்.

வெயில் சாய்ந்து பனைமரங்களின் நிழல் ரோட்டுக்குக் குறுக்கே நீண்டு கிடந்தது. வரும் வழியென்பதால் யாரும் நோவைப் பற்றிப் பேசவில்லை. செங்கோடண்ணன் முன்னால் போன லாரி ஒன்றின் பின்கதவு கோணலாக இருக்கிறதென்று முத்துவிடம் குற்றம் சொல்லிக்கொண்டு வந்தார்.

பேச்சு சட்டென்று நின்றது. திரும்பிப் பார்த்தேன்.

செல்வி தூங்கிவிட்டிருந்தாள். ஜன்னல் கம்பியில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தண்ணீர் பாட்டில் மடியிலிருந்து கீழே உருண்டு போனது தெரியாமல் அப்படி ஒரு தூக்கம். நோய் தெரிந்த நாளிலிருந்து அவள் அசந்து தூங்கிப் பார்த்ததில்லை என்று செங்கோடண்ணன் பிறகு சொன்னார். என் கணவர் கடைசியாக எப்போது அப்படித் தூங்கினார் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. ஒருநாள்கூட நான் அதைக் கவனித்ததில்லை.

செங்கோடண்ணன் தோள் துண்டை மடித்து, அவள் தலைக்கும் கம்பிக்கும் நடுவே கொடுத்தார். முத்துவைப் பார்த்து, “மெதுவாப் போப்பா” என்றார்.

மல்லசமுத்திரம் வந்தது. அவர்கள் தெரு வந்தது. தொழுவத்தில் கறவைக்குக் காத்திருந்த மாடு வேன் சத்தம் கேட்டுக் கத்தியது. முத்து வேகத்தைக் குறைத்தார். செங்கோடண்ணன் கையை நீட்டி, நிறுத்த வேண்டாம் என்று காட்டினார்.

“எங்கீங்கண்ணா போறது?” முத்து கிசுகிசுத்தார்.

“எங்கயோ ஒரு பக்கம் போப்பா. அவளா முழிக்கட்டும்.”

முத்து பள்ளம் பார்த்துப் பார்த்து, ஹாரன் அடிக்காமல், அவர்கள் வீட்டைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனார்.